ஒரு சாண் கேப்பை

"மேற்படி எதிரி தன் பொறுப்பில் இருந்த ஜீப் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையிலும் ஓட்டிவந்து" என்று தொடங்குகிறது முதல் தகவல் அறிக்கை. எதிரியின் பெயர் சூசைமுத்து, வயது நாற்பத்தொன்பது. பெயரும் வயதும் சரி.

அதிவேகம் என்ற சொல்லைக் கேட்டு சந்தியாகுபுரத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட வாரம் என்று தெரிந்துகொள்ளலாம். வேறு எந்த வாரமாக இருந்தாலும் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்தள்ளி இருக்கிறது ஊர். அங்கிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறும் ஜீப்புகளில் கடைசியாகப் போய்ச் சேர்வது சூசைமுத்துவின் ஜீப்பு. சாயங்காலம் கடைசியாகத் திரும்பி வருவதும் அதுதான். அதற்குப் பாடை என்று பெயர். "நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போனாக்கூட இதவிட வெரசாப் போவாக" என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தவர் கஸ்தூரியம்மாள். அந்த ஜீப்பிலேயே ஏலக்காய் எடுக்கப் போகிறவர், வாயாடி.

"அண்ணே, நான் எறங்கி நடக்கட்டுமா? முன்னாடி போயி உங்களுக்குக் காப்பி போட்டு வைக்கிறேன்."

"நட ஆத்தா. வளைவுல ஓரமா நட" என்பார் சூசைமுத்து. கியரை மாற்ற மாட்டார்.

அந்த டிசம்பர் புதன்கிழமைக்குப் பிறகு பாடை என்று யாரும் சொல்வதில்லை. பொருத்தமான பெயர்களுக்கு நேரும் கதி அது.

சூசைமுத்து லாரி கிளீனராகத் தொடங்கியவர். லாரியில் வேகத்தைப் பார்த்துப் பயந்து ஜீப்புக்கு வந்ததாகச் சொல்வார். பிள்ளை இல்லை. மனைவி மஞ்சள் காமாலையில் இறந்து வெகுகாலம் ஆகிறது. சந்தியாகுபுரத்தில் துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. இது திருச்சபையின் சட்டம் அல்ல. ஆண்டவர் பிறப்பு துக்க வீட்டுக்குத்தான் முதலில் வேண்டும் என்று வந்து போன பங்குத்தந்தைகள் எல்லாரும் பிரசங்கம் வைத்துவிட்டார்கள். ஊர் அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொள்ளும், ஸ்டாரைக் கட்டாது. மனைவி இறந்த வருடம் சூசைமுத்து கட்டவில்லை. மறு வருடம் கட்டலாம். ஆனால் துக்கம் முடிந்துவிட்டது, கட்டுங்கள் என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் இல்லாததால் அவர் வீட்டில் துக்கம் முடியவே இல்லை.

அவருடைய கொல்லையையும் மெர்லின் வீட்டுக் கொல்லையையும் பிரிப்பது இடுப்பளவுச் சுவர். மெர்லினின் கணவன் ஆரோக்கிய பிரபு திராட்சைப் பந்தல்களுக்கு மருந்து அடிக்கிற வேலை பார்க்கிறவன். மெர்லினும் சூசைமுத்துவின் ஜீப்பிலேயே காய் எடுக்கப் போகிறவள். பிள்ளைகள் இரண்டு. இவாஞ்சலின் இரண்டாம் வகுப்பு. அருண் ஜோசப்புக்கு நான்கு வயது, இன்னும் பால்வாடி.

மெர்லினுக்குக் கடையில் விற்கிற குடில் பிடிக்காது. வாங்கக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மைதான். ஆனால் பிடிக்காது என்பதுதான் அவள் கட்சி. சிமெண்டுச் சாக்குக் காகிதத்தைக் கசக்கி, சொட்டு நீலமும் காவியும் தெளித்தால் மலை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மக்காச்சோளச் சக்கையைத் துண்டு போட்டு, மைதாப் பசை தடவி, இலவம்பஞ்சை ஒட்டி, தீக்குச்சி நான்கைச் செருகினால் ஆடு. இவாஞ்சலின் செய்த ஆடுகள் நின்றன. அருண் செய்தவை படுத்துக்கொண்டன. "படுத்துருக்க ஆடும் வேணும்டா, எல்லா ஆடும் நின்னா யாரு தூங்குறது?" என்று மெர்லின் அவற்றையும் சேர்த்துக்கொண்டாள்.

புல்லுக்குக் கேப்பை, அதாவது கேழ்வரகு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை மெர்லின் கற்றுக்கொண்டது கஸ்தூரியம்மாளிடம். சித்திரையில் வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்னிச் சட்டி எடுக்கிறவர் கஸ்தூரியம்மாள். தெருவில் மாரியம்மன் பொங்கல் என்றால் முளைப்பாரி வளர்ப்பதும் அவர்தான். ஊறவைத்த கேப்பையைத் தேங்காய்ச் சிரட்டைகளில் மண்ணும் சாணிப் பொடியும் போட்டு விதைக்க வேண்டும். மேலே கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து, சாக்குப் போட்டு இருட்டாக்க வேண்டும். தினம் விடிகாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாரியம்மனுக்கு வளரும் அதே முறையில் குழந்தை ஏசுவுக்கும் வளர்ந்தது. இரண்டு தரப்பும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் விதைத்தார்கள். சுவரை ஒட்டிச் சிரட்டைகளை வரிசையாக வைத்தாள் மெர்லின். சுவருக்கு அந்தப் பக்கம் சூசைமுத்து ஜீப்பின் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா வரும்?" என்றான் அருண்.

"ஒரு சாண் வளந்துட்டா குழந்தை ஏசு வந்துருவாரு. அவரு புல்லுலதான படுப்பாரு."

அவன் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"தொறந்து தொறந்து பாக்காதடா. வெக்கப்பட்டு உள்ள போயிரும்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "மாமா, இந்த வாரம் மெட்டுல வண்டிய ஒரு நிமிசம் ஓரங்கட்டுங்க. குடிலுக்குப் பாசி எடுக்கணும்" என்றாள்.

"மலை ரோட்டுல நிறுத்தக் கூடாது. தோட்டத்துலயே எடுத்துக்க."

"உங்க வண்டி ஓடுறதுக்கும் நிக்கிறதுக்கும் என்ன மாமா வித்தியாசம்?"

இவாஞ்சலின் சிரித்தாள். சூசைமுத்துவும் சிரித்ததாகச் சொல்கிறார்கள். அதை அறிக்கையில் எங்கும் காணோம்.

புதன்கிழமை மாலை மலையில் மழை விட்டு மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. கீழே வந்துகொண்டிருந்த ஜீப்புக்கு எதிரே பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்தது. மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சாலையில் இந்தச் சட்டத்தை மதிக்கிறவர்கள் சிலர்தான், அந்தச் சிலரில் ஒருவர் சூசைமுத்து. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். வாரக்கணக்கில் மழை குடித்திருந்த ஓரத்து மண் உள்வாங்கியது. ஜீப்பு மெதுவாகவே சாய்ந்தது, ஓட்டியவரின் சுபாவப்படி. ஒரு புரட்டு புரண்டு கீழே ஒரு மரத்தில் முட்டி நின்றது. பலருக்குக் கை கால் முறிந்தது. கஸ்தூரியம்மாளுக்குத் தோள்பட்டை. பின்பக்கம் கடைசியில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்திருந்த மெர்லின் வண்டிக்கு அடியில் போனாள். சூசைமுத்துவுக்கு ஒரு கீறல் இல்லை. மற்ற எதையும்விட ஊரால் மன்னிக்க முடியாமல் போனது இதைத்தான்.

காவல் நிலையத்தில் அவர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

"வேகமாப் போகல சார். வேகமாப் போயிருந்தா அந்த எடத்த லாரி வர்றதுக்குள்ள தாண்டியிருப்பேன். ஆள் கூட ஏத்துனேன். அது தப்பு. அத எழுதுங்க."

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்க" என்றார் எழுதியவர். கூடுதலாக ஆள் ஏற்றியதை எழுதினால் அந்த மலை ஏறும் அத்தனை ஜீப்புக்கும் எழுத வேண்டும். அதிவேகம் என்றால் ஒரு ஆளோடு போகும். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரிடம் செய்யாத குற்றத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாமீனில் விட்டார்கள்.

மெர்லினின் பொருள்கள் வீட்டுக்கு வந்தன. ஒற்றைச் செருப்பு, போன், தூக்குவாளி. ஆரோக்கிய பிரபுவின் அக்காள் செபஸ்தியம்மாள் மார்க்கையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர், தம்பி வீட்டைப் பார்க்க வந்திருந்தார். கழுவி வைக்கலாம் என்று தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை. பச்சைப் பாசி, அழுத்தி அடைக்கப்பட்டு, இன்னும் ஈரமாக இருந்தது. கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அடக்கத்துக்குப் பெட்டி மூடியே வந்தது. இவாஞ்சலின் கூடவே நடந்துபோனாள், அவளுக்குத் தெரியும். அருணை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். சூசைமுத்து கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்றார். அவரை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றிலிருந்து தெரு அவரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. எதிரே வந்தால் கண் அவருக்குப் பின்னால் இருக்கும் கரண்டுக் கம்பத்துக்குப் போய்விடும்.

அருணிடம் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அம்மா ஏசுகிட்ட போயிருக்குய்யா." பையன் அழவில்லை. இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்த செபஸ்தியம்மாளிடம் முடிவைச் சொன்னான்.

"அயித்த, கேப்ப ஒரு சாண் வளந்தா ஏசு வருவாருல்ல?"

"ஆமாய்யா."

"அம்மா அவருகூடத்தான இருக்கு. அதுவும் வந்துரும்."

செபஸ்தியம்மாளுக்கு அதில் எங்கே பிழை என்று சொல்லத் தெரியவில்லை. கோயில் உபதேசியாரிடம் கேட்டார். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, குழந்தைகளின் விசுவாசம் பெரிது என்றார்.

எனவே செபஸ்தியம்மாள் தாமாக ஒரு வழி கண்டுபிடித்தார். எப்படியும் இந்த வருடம் வீட்டில் குடில் கிடையாது. கேப்பையைப் பிடுங்கி எறிந்தால் பையன் பார்த்துவிடுவான். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் தானாகக் காய்ந்துபோகும். "வெயிலுக்குக் கருகிருச்சுய்யா, அடுத்த வருசம் போடுவோம்" என்று சொல்லிவிடலாம். அடுத்த வருடத்துக்குள் மறந்திருப்பான். இவாஞ்சலினைக் கூப்பிட்டு, "அந்தப் பஞ்சாரத்துப் பக்கம் போகக் கூடாது ஆத்தா" என்றார். அவள் போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவள். அதற்காக அந்த மாதம் யாரும் அவளைப் பாராட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, காய்ந்ததை அள்ளிக் கொட்டலாம் என்று செபஸ்தியம்மாள் பஞ்சாரத்தைத் தூக்கினார். சிரட்டை சிரட்டையாக வெளிறிய மஞ்சளில் கேப்பை நெருக்கமாக நின்றது, நான்கு விரல் உயரத்துக்கு. அவர் இவாஞ்சலினைக் கூப்பிட்டார்.

"நீ ஊத்துனியா?"

"மாதா சத்தியமா இல்ல அயித்த" என்றாள் இவாஞ்சலின்.

ஆரோக்கிய பிரபுவைக் கேட்க வேண்டியதில்லை. அவன் அந்த நாட்களில் தனக்கே தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. செபஸ்தியம்மாள் ஒரே ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னார். பொழுது சாயுமுன் கொல்லை நிறைந்துவிட்டது.

கிறிஸ்தவர்களுக்குச் சகுனம், குறி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆகவே அதை மெர்லினின் ஆவி என்று யாரும் சொல்லவில்லை, அற்புதம் என்றார்கள். பஞ்சாரத்தை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தி வைத்தார்கள். மாலையில் செபமாலை நடந்தது. இருட்டில் இருந்ததை வெயிலில் வைத்ததும் மஞ்சள் எல்லாம் இரண்டே நாளில் பச்சையாகிவிட, அது இரண்டாவது அற்புதமானது. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னதற்கு, விசாரிப்போம் என்றாராம். விசாரணை என்பது காவல் நிலையத்துக்கும் திருச்சபைக்கும் பொதுவான சொல். இரண்டு இடத்திலும் அதற்கு அவசரம் கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஆளைப் பார்ப்பதில்லை என்று தெருவே சேர்ந்து முடிவெடுத்த பிறகு, அவர் செய்வது மட்டும் எப்படிக் கண்ணில் படும்?

ஆரோக்கிய பிரபு அந்தச் சிரட்டைகளுக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தான். அங்கேயே சாப்பிட்டான். அதைப் பார்த்து செபஸ்தியம்மாளும் நம்பத் தொடங்கினார். கேப்பை சாகட்டும் என்று விட்டவர், இப்போது யாரும் அதைத் தொடக் கூடாது, தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று காவல் இருந்தார். ஊற்றினால் அற்புதம் கெட்டுவிடும்.

அருண் மட்டும் தினம் கையை வைத்து அளந்தான். அவன் கை சின்னக் கை. சீக்கிரத்தில் ஒரு சாண் ஆகிவிட்டது.

"உன் சாண் இல்லய்யா, அக்கா சாண்" என்றார் செபஸ்தியம்மாள். நம்பிக்கை ஒரு பக்கம் இருந்தாலும் தவணை வாங்குவது நல்லது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோளில் கட்டோடு வந்த கஸ்தூரியம்மாள் நேரே கொல்லைக்கு வந்தார். முழங்காலில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு குனிந்து ஒரு சிரட்டையில் விரலை விட்டார்.

"தொடாதீக மதினி" என்றார் செபஸ்தியம்மாள். "தண்ணியே இல்லாம வளருது."

"மண்ணு ஈரமா இருக்கே."

"பனி பெய்யிதுல்ல."

"எங்க காட்டுலயும்தான் பனி பெய்யிது. அங்கன கேப்பைக்கு மோட்டார் போட வேண்டியிருக்கு." கஸ்தூரியம்மாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மேலே மெர்லினின் பாசி செழித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில், சுவரின் அந்த முகத்திலிருந்து இந்த முகத்துக்கு ஒரு நீர்க்கோடு வழிந்திருந்தது. அவர் மேற்கொண்டு பேசாமல் வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு சூசைமுத்து வீட்டுக்குள் நுழைந்தார். விபத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

"என்னண்ணே, அற்புதமெல்லாம் செய்றீகளாமே."

சூசைமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜீப்பு சாவி இன்னும் ஆணியில் தொங்கியது. "தோளு எப்பிடி இருக்கு ஆத்தா?" என்றார்.

"தோளு கெடக்கட்டும். எம்புட்டு நாளா ஊத்துறீக?"

"வெளிய விட்டதுல இருந்து. வண்டிக்கு எந்திரிக்கிற நேரத்துக்கு முழிப்புத் தட்டிருது. வண்டி இல்ல. எட்டி, பஞ்சாரத்தத் தூக்கிப் பாத்தேன், காஞ்சு கெடந்துச்சு."

"அதுக்காக?"

"காஞ்சு கெடந்துச்சு" என்றார் மறுபடியும்.

"நல்லா ஊத்துனீக போங்க. அந்தச் சின்னப் பய என்ன கணக்குப் போட்டு வச்சிருக்கான்னு தெரியுமா?" கஸ்தூரியம்மாள் சொன்னார். சாண் அளப்பதையும் சொன்னார்.

சூசைமுத்து, "இனி ஊத்தாம விட்டுட்டா?" என்று கேட்டார்.

"கருகும். தான் தொறந்து தொறந்து பாத்ததாலதான் கருகிருச்சு, அதான் அம்மா வரலன்னு நெனப்பான். அவன் புத்தி அப்பிடித்தான் ஓடுது."

"ஊத்துனா?"

"வளரும்."

"நீ போயிச் சொல்லேன், நான்தான் ஊத்துனேன்னு."

"நான் சொன்னா? உங்க ஏசு மேல எனக்குப் பொறாமைம்பாக. மாரியாத்தா ஏவிவிட்டான்னும் சொல்லுவாக. ஏற்கெனவே ஒரு தோளுதான் மிச்சம்ணே." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு. செத்துப்போச்சுங்கிற வார்த்தைய அந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் அவன் கையப் பிடிச்சு மேல மேல ஏத்திக்கிட்டே போறாக. எறக்கி விட ஆள் இல்ல."

மறுநாள் விடிகாலையிலும் சூசைமுத்து தண்ணீர் ஊற்றினார். நிறுத்தத் தெரியவில்லை. அற்புதமும் தவறாமல் நடந்தது.

அக்காள் சாணும் வந்துவிட்டது. "அப்பா சாணுய்யா, அதான் அம்மா சொன்ன சாண்" என்றார் செபஸ்தியம்மாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். தெருவில் மற்ற வீடுகளில் ஸ்டார் எரிந்தது. இந்த வீட்டுக்காகச் சத்தம் குறைவாகப் பாட்டுப் போட்டிருந்தார்கள். முறுக்கு வாசனையைத்தான் யாராலும் குறைக்க முடியவில்லை. கொல்லையில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அருண் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து சிரட்டைப் பக்கத்தில் நிறுத்தினான். ஆரோக்கிய பிரபு கட்டைவிரலை மண்ணில் ஊன்றி விரல்களை விரித்தான். கேப்பை சுண்டுவிரலைத் தொட்டது.

பையன் உள்ளே போய், பெட்டியில் இருந்த கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்து, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். அம்மா நவம்பரிலேயே எடுத்துவைத்த சட்டை. படுத்துக்கொண்டிருந்த பஞ்சு ஆடுகளை எடுத்துச் சிரட்டைகளுக்கு நடுவே வைத்தான். பின்வாசல் படியில் உட்கார்ந்து வழியைப் பார்த்தான்.

செபமாலை தடுமாறியது. முன்பாதியைச் சொன்னவர்கள் சொல்லிவிட்டார்கள், பின்பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் செபஸ்தியம்மாளைப் பார்த்தார்கள். செபஸ்தியம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி கொடுப்பதற்கு அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கை இல்லை.

அப்போது வாசல் வழியாக வந்தார் சூசைமுத்து. கொல்லைச் சுவரைத் தாண்டினால் இரண்டு எட்டு. அவர் தெருவைச் சுற்றி, முன்வாசல் ஏறி, பட்டாசாலை கடந்து, எல்லாரும் பார்க்க வந்தார். கையில் பெயிண்ட் டப்பா ஒன்று, பாதித் தண்ணீரோடு. பையனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அருணு, இந்தக் கேப்பைக்கு நான்தான்யா தண்ணி ஊத்துனேன். இந்த டப்பாவுலதான்."

"என்ன சொல்றீக?" என்றார் செபஸ்தியம்மாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அம்மா வராதுய்யா. அம்மா செத்துப் போச்சு. மலையில வண்டி கவுந்துருச்சு. வண்டிய நான்தான் ஓட்டுனேன்."

பையன் சிரட்டையைக் காட்டினான். "வளந்துருச்சே பெரியப்பா."

"தண்ணி ஊத்துனா வளந்துரும்யா. யாரு ஊத்துனாலும் வளரும்."

"ஏசுவும் வர மாட்டாரா?"

உபதேசியார் அங்கே இல்லை. பங்குத்தந்தை விசாரணையை இன்னும் தொடங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜீப்பு டிரைவர்தான் இருந்தார்.

"அவரு வருவாரு" என்றார். "அம்மாவக் கூட்டிட்டு வர மாட்டாரு."

அருண் அழுதான். புதன்கிழமையிலிருந்து பாக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. தெருக்கோடியில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். செபஸ்தியம்மாள் அவனை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். போகும்போதே, "பச்சப் பிள்ளகிட்ட வந்து சொல்றதுக்கு உங்களுக்கு எப்பிடி வாய் வந்துச்சு? ஒரு தடவ கொன்னது பத்தலயா?" என்றார். மற்றப் பெண்களும் தங்களால் முடிந்ததைச் சொன்னார்கள். அத்தனை நாளும் அவரைப் பார்க்காமல் இருந்த தெரு அன்றுதான் பார்த்தது.

ஆரோக்கிய பிரபு எழுந்து பெயிண்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டான். தண்ணீர் சிரட்டைகளின் பக்கம் ஓடியது.

"போங்கண்ணே" என்றான். "வெளிய போங்க."

அண்ணே என்பதை அவன் விடவில்லை. வேண்டுமென்று விடாமல் இருந்தானா, வாய்ப்பழக்கமா என்று சூசைமுத்துவுக்கே தெரியாது. வந்த வழியாகவே, முன்வாசல் வழியாக, மெதுவாகப் போனார்.

கஸ்தூரியம்மாள் மட்டும் பின்னால் ஒருமுறை இதைப் பற்றிச் சொன்னார். "அந்த மனுசன் ஆயுசுலயே வெரசாச் செஞ்சது அது ஒண்ணுதான். மத்தவுக எல்லாம் வருசக்கணக்குல சொல்லியிருப்பாக."

அற்புதம் அன்றோடு முடிந்தது. மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சிலருக்கு ஏமாற்றம், இரண்டு பேர் பங்குத்தந்தையிடம் போய், அற்புதத்தைக் கெடுத்ததாக சூசைமுத்துமேல் புகார் சொன்னார்கள். வீட்டில் குடில் வைக்கவில்லை. ஊர் வழக்கப்படி அண்டை வீட்டார் பலகாரம் கொண்டுவந்தார்கள். யாரும் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் காலை பூசைக்குப் பிறகு ஆரோக்கிய பிரபு சிரட்டைகளை ஒரு தட்டுக்கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டான். இவாஞ்சலின் தூக்குவாளியில் பாசியை எடுத்துக்கொண்டாள். அருண் பஞ்சு ஆடு ஒன்றைக் கொண்டுவந்தான், படுத்துக்கொள்கிற வகை. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் இறுகாத மண்ணின்மேல் சிரட்டைகளை வைத்தார்கள். பாசியைச் சுற்றிலும் பரப்பினார்கள். அருண் ஆட்டைப் புல்லில் வைத்துவிட்டு, "அம்மா இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டான்.

"ஆமா" என்றான் ஆரோக்கிய பிரபு. அந்த வீட்டார் அவனுக்குக் கொடுத்த முதல் நேரான பதில் அது.

அங்கே தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. காய்வதற்கும் நேரம் கிடைக்கவில்லை. மறுநாளே மதில் இடிந்த பக்கமாக வெள்ளாடுகள் புகுந்து கேப்பையை அடியோடு மேய்ந்துவிட்டன. பஞ்சு ஆட்டை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டன.

அருண் சில வாரங்கள் இரவில் படுக்கையை நனைத்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். கேப்பைக் கூழ் வைத்தால் குடிப்பதில்லை. சூசைமுத்துவின் ஜீப்பு காவல் நிலைய வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அவர் உத்தமபாளையத்தில் ஒரு திராட்சை மண்டியில் பெட்டி தூக்குகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் இடுப்பளவாகத்தான் இருக்கிறது. அதை உயர்த்த வேண்டும் என்று செபஸ்தியம்மாள் சொல்லிவிட்டுப் போனார். ஆரோக்கிய பிரபு இன்னும் உயர்த்தவில்லை. பேசுவதும் இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது. அதிலும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்றே இருக்கிறது. வாய்தா தவறாமல் சூசைமுத்து போய் நிற்கிறார்.

அவர் செய்தது இது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப்பை மெதுவாக ஓட்டிவந்து, ஏறி வந்த லாரிக்கு வழிவிட்டார். இறந்தவள் விதைத்துவிட்டுப் போன கேப்பைக்கு தினம் விடிகாலையில் தண்ணீர் ஊற்றினார். அவள் மகனிடம் அவள் செத்துவிட்டாள் என்று சொன்னார்.